ஏறும்போது நல்ல கால்

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு.
அடுப்படி போய்ச் சேர ஆறு நிலைப்படி.
கட்டியவருக்கு முட்டிவலி வந்ததே இல்லை போல.

கானாடுகாத்தானில் இந்த வீடு இப்போது விடுதி.
வெளிநாட்டுக்காரர்கள் அண்ணாந்து
தேக்குத் தூணைப் பார்க்கிறார்கள்.
நான் குனிந்து
அடுத்த படியைப் பார்க்கிறேன்.

மதுரையில் வலது முட்டியை எடுத்துவிட்டு
வேறு வைத்தார்கள்.
"தொண்ணூற்றியொரு கிலோவைச் சுமக்கச் சொன்னால்
இதுவும் சீக்கிரம் தேயும், பொன்னழகு.
பன்னிரண்டு கிலோவை எங்கேயாவது இறக்கி வையுங்க"
என்றார் டாக்டர்,
பஸ்ஸில் மறந்துவிட்டு வரும் பையைச் சொல்வது போல.

தேவகோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் ஜெசிந்தா வந்தாள்.
பிசியோ. மகள் வயசு, தாசில்தார் குரல்.
கட்டிலில் காலை நீட்டு.
முட்டிக்கடியில் சுருட்டிய துண்டு.
அமுக்கு. ஐந்து எண்ணு. விடு.
அமுக்கு. எண்ணு.
முப்பது வருடம் மாவு பிசைந்தவளுக்கு
ஒரு துண்டை அமுக்க வியர்த்தது.

"ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது புதுக்கால் முதலில்."
ஆறு படிக்கும் அதையே முணுமுணுத்தேன்.
இடது காலுக்குப் பெருமை தாங்கவில்லை,
தன்னை யாரும்
நல்லது என்று சொல்லிக் கேட்டதில்லை அது.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன்.
வெங்காயம் நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்.
தொண்ணூற்றொன்று. கிராம் பிசகவில்லை.
ஆத்திரத்தில் வளவை இருபது சுற்று சுற்றினேன்,
தூணை எண்ணிக்கொண்டு,
அப்போதுதான் துடைத்த ஆத்தங்குடிக் கல்லில்
செருப்பில்லாமல்.

விழவில்லை.
ஆனால் ராத்திரி முட்டி
எண்ணெயில் விட்ட வெள்ளைப்பணியாரமாக உப்பிக்கொண்டது.
பிரீசரில் இருந்த பட்டாணிப் பாக்கெட்டைத்
துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
(மறுநாள் குருமாவில் அதைப் போடவில்லை. சத்தியம்.)

ஜெசிந்தா தொட்டுப் பார்த்தாள். சூடு.
"ராத்திரிக்குள் அடங்கும் வலி கூலி.
விடிந்தும் உட்கார்ந்திருக்கும் வலி வட்டி.
செட்டிநாட்டில் இருந்துகொண்டு
இதுகூடத் தெரியாதா அக்கா?"

பிறகு வாயைப் பற்றிக் கேட்டாள்.
ருசி பார்க்க ஒரு கரண்டிதான் என்றேன்.
எத்தனை தடவை என்றாள்.
எண்ணிப் பார்த்தோம். ஒரு நாளைக்குப் பதினேழு.
அதில் நான்கு உக்காரை.

தழும்பு நன்றாக ஆறியது என்று டாக்டர் எழுதித் தந்ததும்
மேலாளர் சோலையப்பனிடம் போனாள்.
விருந்தாளிகள் எழுவதற்கு முன்
ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை
நீச்சல்குளம் எனக்கு.
காரைக்குடியில் சுடிதார் எடுத்தேன்,
ஐம்பத்தாறு வயதில் முதல் சுடிதார்.
கம்பியைப் பிடித்து இறங்கினேன்.
நெஞ்சளவு தண்ணீர்.

யாரோ பின்னால் வந்து
தலைச்சுமையைக் கை மாற்றி வாங்கியது போல இருந்தது.

முன்னால் நட, பக்கவாட்டில் நட, பின்னால் நட.
குதிக்காதே. குத்தவைக்காதே. முட்டியைத் திருகாதே.
நேற்றைவிட இரண்டு நிமிடம் கூட, அவ்வளவுதான்.
தராசு சொன்னது:
எண்பத்தொன்பது.
தொண்ணூறு (பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம்).
எண்பத்தாறரை.

போன செவ்வாய்க்கிழமை
ஒரு பிரெஞ்சுக்காரி சீக்கிரமே எழுந்து வந்துவிட்டாள்.
நான் வெளியேறப் பார்த்தேன்.
இரு என்று கை காட்டினாள்.
அவள் இடது முட்டியில் நெடுக ஒரு கோடு.
நானும் சுடிதார்க் காலைச் சுருட்டிக் காட்டினேன்.
நான்கு விரல் நீட்டினாள்.
நான்கு வருடமா, நான்கு மாதமா,
நான்கு கிலோவா,
தெரியவில்லை. நானும் நான்கு நீட்டினேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

எதிரெதிராக, பேச்சில்லாமல்,
நண்டு மாதிரி நடந்தோம்.
ஏறும் படியில் இருவரும் ஒரு நொடி நின்று யோசித்தோம்.
நான் இடது காலை எடுத்தேன்.
அவள் வலது.

காலைத் தட்டில் அவளுக்கு
இரண்டு கந்தரப்பம் கூட வைத்தேன்.
நான் தொடவில்லை.

பாதி.